காலுக்கு விலங்கு பூட்டுவோர்

ஒன்று, இரண்டு, மூன்று! கணக்குப் பாடமன்று; வால்ட்ஸ் நடனத்தின் தாளம். இந்த மூன்று எண்களைக் கேட்டுப் பாதிரிமார் நடுங்கினர், பத்திரிகையாசிரியர் பதறினர், அமைச்சர்கள் சட்டம் செய்தனர், கொடுங்கோலரின் போலீசார் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தனர். படைதிரட்டி வந்த பகைவர் உள்ளே இருந்தனரோ? இல்லை. பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள், ஒருவர் காலை ஒருவர் மிதித்துவிடாமல் நடப்பதெப்படி என்று கற்றுக்கொண்டிருந்தனர், அவ்வளவே!

இளையோர் இணைந்து ஆடக் கற்பதிலே அப்படி என்ன ஆபத்து ஒளிந்திருக்கிறது? பழமை விரும்பிகள் வீண் அச்சம் கொள்வோர் என்று நாம் எண்ணிவிடலாகாது. அவர்கள் அஞ்சியதற்குத் தக்க காரணம் இருந்தது. அந்தக் காரணம் அவர்கள் வாயால் சொன்னதல்ல, மனத்தில் மறைத்தது. அதைத்தான் இங்கே வெளிச்சத்துக்குக் கொண்டுவர விழைகிறோம்.

கற்பது யாது?

முதலில், அந்தப் பாடம் எத்தகையது என்று காண்போம். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பதினான்கு, பதினைந்து, பதினாறு வயதிலே பிள்ளைகள் நடனப் பள்ளிக்குப் போவது நெடுங்கால வழக்கம். வியன்னா நகரிலே 1919இல் தொடங்கிய எல்மாயர் நடனப் பள்ளி இன்றும் இயங்குகிறது. இங்கிலாந்திலே நடன ஆசிரியர் சங்கங்கள் வெண்கலம், வெள்ளி, பொன் என்று படிப்படியாகத் தேர்வு வைத்துப் பதக்கம் வழங்குகின்றன.

பாடம் எளியதன்று. எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவதுதான் முதற்பாடம். அது வராதவனுக்கு மற்ற எதுவும் வாராது. வால்ட்ஸிலே மூன்று தட்டு. முதல் தட்டு அழுத்தம். பாக்ஸ்டிராட்டிலே மெதுவான அடியும் விரைந்த அடியும் கலந்துவரும். மண்டபத்திலே எல்லா இணையரும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையிலே வட்டமிட்டுச் செல்லவேண்டும். ஒருவர் வழியை ஒருவர் மறிக்கலாகாது. தான் மட்டும் நன்றாக ஆடினால் போதாது; இணைந்து ஆடுபவரின் அடியையும், பக்கத்திலே செல்லும் முன்பின் அறியாதவரின் அடியையும் கருத்திற் கொள்ளவேண்டும். இதைவிடச் சிறந்த குடிமைப் பயிற்சியை எந்தப் பாடநூல் தருகிறது?

மேலும் ஒன்று. ஓர் இளைஞன் கை நீட்டி, உடன் ஆட வருகிறாயா என்று கேட்கிறான். வருகிறேன் என்றாலும் நன்றி. வரவில்லை என்றாலும் நன்றி. தலைவணங்கித் திரும்பிப் போகவேண்டும். கேட்கவும் மறுமொழியை ஏற்கவும் கற்ற இளைஞன், தெருமுனையிலே நின்று சீழ்க்கையடிக்கும் இளைஞனைவிடப் பண்பிலே தாழ்ந்தவனோ? ஒரு பெண்ணோடு நேருக்கு நேர் நின்று, கண்ணியமாகப் பேசி, கண்ணியமாக விடைபெறும் முறையைப் பதினைந்தாம் வயதிலே கற்காதவன், இருபத்தைந்தாம் வயதிலே எங்கே போய்க் கற்பான்?

ஒழுக்கம் கெடும் என்போர் ஓர் உண்மையை மறைக்கின்றனர். விளக்கெரியும் மண்டபம், தாளம் எண்ணும் ஆசிரியர், சுற்றிலும் நாற்பது பேர். இங்கே ஒழுக்கம் கெடுமாம்! கதவடைத்த வீட்டிலே, யாரோடும் பேசவிடாது வளர்த்து, பெயர்கூடத் தெரியாத ஒருவனிடம் ஒருநாள் ஒப்படைத்துவிட்டால் அது ஒழுக்கமாம்! இந்த அளவுகோலை வார்த்தவர் யாவர்?

பழிச்சொல்லின் வரலாறு

வால்ட்ஸ் இன்று பெரிய மனிதர் வீட்டுத் திருமணங்களிலே மணமக்கள் ஆடும் மதிப்பிற்குரிய நடனம். ஆனால் 1816ஆம் ஆண்டு இலண்டன் டைம்ஸ் ஏடு அதைப் பற்றி என்ன எழுதிற்று தெரியுமா? அரசவை விருந்திலே அந்நிய நாட்டு ஆபாச ஆட்டம் புகுந்துவிட்டதென்றும், பெற்றோர் தம் பெண்மக்களை இந்தத் தொற்றுக்கு ஆளாக்கலாகாதென்றும் எச்சரித்தது. சில பத்தாண்டுகள் கழிந்தன. விக்டோரியா அரசியே வால்ட்ஸ் ஆடி மகிழ்ந்தார். தொற்று எங்கே போயிற்று? அரசி ஆடியதும் ஆபாசம் அழகாயிற்று!

டேங்கோவின் கதையும் அஃதே. தென்னமெரிக்காவிலே போனஸ் அயர்ஸ் நகரின் ஏழை மக்கள் குடியிருப்புகளிலே பிறந்தது அது. ஐரோப்பாவுக்கு வந்தபோது, 1913இல் ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்லியம், சீருடையணிந்த அதிகாரிகள் அதை ஆடலாகாதென்று தடைவிதித்தார். 1914இன் தொடக்கத்திலே உரோம் நகரத் திருச்சபைத் தலைமையும் அதைக் கண்டித்தது. அதே ஆண்டின் நடுவிலே அதே பேரரசர் தம் நாட்டு இளைஞரைப் போர்க்களத்துக்கு அனுப்பினார். இலட்சக்கணக்கில் மடிந்தனர். ஆடுவது பாவம், கொல்லுவது கடமை! இதுதான் அவர்தம் அறநூலின் சாரம்.

புதிது வரும்போது ஆபாசம் என்பர். பழகியபின் பண்பாடு என்பர். அடுத்த புதிது வரும்போது, முன்னே தாம் பழித்ததையே காட்டி, ஆகா, அந்தக் காலத்து நடனம் எத்துணைக் கண்ணியமானது என்று கண்ணீர் வடிப்பர். இஃது ஒரு நாட்டின் நோயன்று. பழமை எங்கெல்லாம் அரியணையிலே அமர்ந்திருக்கிறதோ அங்கெல்லாம் காணப்படும் நோய்.

பாதிரியாரும் ஒரு தகரக் கொட்டகையும்

அயர்லாந்து நாட்டுக்கு வருவோம். ஆங்கில ஆதிக்கத்தை எதிர்த்துப் போராடி உரிமை பெற்ற நாடு. உரிமை பெற்ற மூன்றே ஆண்டுகளில், 1925இல், அந்நாட்டுக் கத்தோலிக்க ஆயர்கள் கூடி, நடனத்தால் விளையும் தீமைகள் குறித்து அறிக்கை விடுத்து, அதைக் கோயில்தோறும் படிக்கச் செய்தனர். பசி இல்லையோ அந்நாட்டில்? வேலையின்மை இல்லையோ? பிழைப்புத் தேடிக் கப்பலேறிய இளைஞர் கூட்டம் இல்லையோ? இருந்தன. எனினும் ஆயர்களின் கண்ணிலே உறுத்தியது நடனம்!

லீட்ரிம் மாவட்டத்திலே ஜேம்ஸ் கிரால்டன் என்றொரு பொதுவுடைமையாளர். ஊரார் உழைப்பிலே எழுந்த ஒரு மண்டபத்தை அவர் நடத்தினார். அயர்லாந்து விடுதலைக்காக 1916இலே உயிர்நீத்த பியர்ஸ், கானலி இருவர் பெயரும் அதற்குச் சூட்டப்பட்டிருந்தன. அங்கே வகுப்புகள் நடந்தன. நிலமற்றோர் கூடி வழக்குப் பேசினர். மாலையானால் ஊர்ப்பிள்ளைகள் ஆடினர். அமெரிக்கா சென்றிருந்த கிரால்டன் 1932இல் திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த மண்டபத்தைத் திறந்தார். பங்குப் பாதிரிமார் பலிபீடத்திலே நின்று பழித்தனர். மண்டபத்தின்மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. அவ்வாண்டின் இறுதியிலே மண்டபமே தீக்கிரையாயிற்று. தீ வைத்தவரைத் தேடினாரில்லை. ஆடக் கொட்டகை தந்தவரைத் தேடினர்! 1933 ஆகஸ்டிலே, அந்த மண்ணிலே பிறந்த கிரால்டன், நீதிமன்ற விசாரணை ஏதுமின்றி நாடு கடத்தப்பட்டார். 1945இல் நியூயார்க் நகரிலே இறந்தார். தாய்நாட்டை மீண்டும் காணவில்லை. 2016இலே குடியரசுத் தலைவர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ் அந்த அநீதிக்கு மன்னிப்புக் கேட்டார். இறந்தவன் செவியிலே அது விழுமோ?

கிரால்டன் கப்பலேறிய சில மாதங்களிலே, 1934 புத்தாண்டு நாளன்று, அதே லீட்ரிமில் மோஹில் என்னும் ஊரிலே, ஒரு பங்குப் பாதிரியார் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ஜாஸ் இசைக்கும் நடனத்துக்கும் எதிராக ஊர்வலம் சென்றனர். அந்நிய நாகரிகம் ஒழிக, நம் முன்னோர் ஆட்டமே போதும் என்பது அவர்தம் முழக்கம். 1935இல் பொது நடன மண்டபச் சட்டம் வந்தது. நீதிமன்றத்தின் உரிமம் இன்றி எவரும் பொது நடனம் நடத்தலாகாது. மண்டபங்களோடு அது நிற்கவில்லை. நாற்சந்திகளிலும் வீட்டுக் கூடங்களிலும் ஏழையர் கூடி ஆடிவந்த பழைய ஆட்டங்களையும் அச்சட்டத்தைக் காட்டிப் பாதிரிமாரும் போலீசாரும் அடக்கினர். முன்னோர் ஆட்டத்தைக் காக்க வந்தவர்கள், முன்னோர் ஆட்டத்தையே மூச்சுத் திணறச் செய்தனர்!

வேடிக்கை இன்னும் இருக்கிறது. தூய ஐரிஷ் மரபு என்று அவர்கள் போற்றிய கேலி என்னும் நடனக் கூட்டம், அந்தப் பெயரோடு பொது அரங்கிலே முதன்முதல் நடைபெற்ற ஊர் எது? டப்ளினா? கால்வேயா? இல்லை, இலண்டன் மாநகரம்! 1897இலே, அங்குக் குடியேறி வாழ்ந்த ஐரிஷ் மொழிப்பற்றாளர் நடத்தியது. மரபு என்ற சொல்லை எவரேனும் தடியாக ஓங்கினால், அது எந்த ஆண்டிலே, எந்த ஊரிலே பிறந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தாங்கும் தடிகள் மிகச் சில.

ஆம்பர்க் நகரத்துப் பிள்ளைகள்

பாதிரியாரின் பழிச்சொல்லோடு முடிந்தால் தாழ்வில்லை. ஆட்சி முழுவதும் அந்த மனப்பான்மையினர் கைக்குப் போனால் என்னவாகும் என்பதையும் உலகம் கண்டிருக்கிறது.

இட்லரின் ஜெர்மனியிலே, ஆம்பர்க் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஆங்கில, அமெரிக்க இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து ஸ்விங் நடனம் ஆடக் கற்றனர். அந்த இசையை ஆக்கியோர் கறுப்பரும் யூதரும். ஆகவே நாசிகளுக்கு அது சீரழிந்த இசை. இட்லர் இளைஞர் படையினர் அணிவகுத்து நடந்தனர். இப்பிள்ளைகளோ இணை சேர்ந்து துள்ளினர். 1940 பிப்ரவரியிலே நடந்த ஒரு நடன விழாவிலே ஐந்நூறு பேருக்கு மேல் கூடினர் என்று ஒற்றர் அறிக்கை சென்றது. 1941 ஆகஸ்டிலே முந்நூறுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். பலருடைய நீண்ட தலைமுடி மழிக்கப்பட்டது. 1942 சனவரியிலே ஹிம்லர், ஹைட்ரிக்குக்கு எழுதிய கடிதத்திலே, முன்னின்ற பிள்ளைகளை இரண்டு மூன்று ஆண்டுகளேனும் வதைமுகாமிலே அடைக்கவேண்டும், அடித்து வேலை வாங்கவேண்டும் என்று பணித்தார். இளையோருக்கென்றே அமைந்த மோரிங்கன், உக்கர்மார்க் முகாம்களுக்குச் சிலர் அனுப்பப்பட்டனர்.

அவர்கள் கட்சி அமைத்தவரல்லர். துண்டறிக்கை அச்சிட்டவரும் பெரும்பாலோர் அல்லர். வசதியான வீட்டுப் பிள்ளைகளே பலர். ஆடவேண்டுமென்று ஆசைப்பட்டனர், தாம் விரும்பியபடி ஆடவேண்டுமென்று ஆசைப்பட்டனர். அந்த ஆசையொன்றே ஹிம்லரைக் கடிதம் எழுத வைத்தது. அடிமையின் கால் ஒரே தாளத்துக்குத்தான் எழவேண்டும். அது படைத்தலைவன் முழக்கும் தாளமாயிருக்கவேண்டும். வேறொரு தாளம் காதிலே விழுந்த கால், கட்டளைக்குக் காத்திராது. கொடுங்கோலன் அறிந்த இந்த உண்மையை, ஆட்டமும் பாட்டும் இளைஞருக்கு எதற்கு என்று கேட்கும் நல்லவர்கள் இன்னும் அறிந்தாரில்லை!

வாசற்படியிலே நிற்கும் நிறவெறி

மதத்தையும் கொடுங்கோலையும் கடந்து, மக்களாட்சி நாடுகளுக்குள் நுழைவோம். அங்கே வாயிற்காப்போனாக நிற்பது யார்? நிறவெறி!

இங்கிலாந்திலே வுல்வர்ஹாம்டன் நகரத்து ஸ்காலா நடன மண்டபம். 1958இலே அதன் உரிமையாளர் ஒரு விதி வைத்திருந்தனர்: இசைக்குழுவிலே கறுப்பர் இருக்கலாம்; ஆட வருவோரிலே கறுப்பர் இருத்தலாகாது. ஊதட்டும், முழக்கட்டும், வியர்வை சிந்தட்டும். ஆனால் அவர்தம் இனத்துப் பிள்ளை அந்த இசைக்கு ஒரு காலை எடுத்து வைத்தால் மண்டபம் தீட்டுப்பட்டுவிடும்! இசைவாணர் தொழிற்சங்கம் இதைப் பொறுக்கவில்லை. தம் உறுப்பினர் எவரும் அங்கே வாசிக்கலாகாதென்று அறிவித்தது. உரிமையாளர் வழக்குத் தொடுத்தனர். மேன்முறையீட்டு நீதிமன்றமும் சங்கத்தைத் தடுக்க மறுத்துவிட்டது. கருவியைக் கீழே வைத்த அந்தத் தொழிலாளர் ஒலித்த மௌனம், எந்த இசையினும் இனிது. நடன மண்டபம் உள்ளிட்ட பொது இடங்களிலே நிறம் காட்டி விலக்குவது சட்டத்துக்கு மாறானது என்று இங்கிலாந்து சட்டம் செய்ய 1965 ஆகிவிட்டது.

அமெரிக்காவிலே பால்டிமோர் நகரம். பட்டி டீன் என்பவர் பெயரிலே 1957 முதல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் நாள்தோறும் வந்து ஆடுவர். வீட்டிலிருந்து காணும் பிள்ளைகள் அவர்களைப் பார்த்து அடிகளைக் கற்பர். கறுப்பினப் பிள்ளைகளுக்கோ தனியே ஒதுக்கிய நாள் மட்டும். ஆடப்பட்ட அடிகள் யாருடையவை? பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகள் தெருவிலும் பள்ளியிலும் ஆக்கியவை! 1963 ஆகஸ்டிலே ஒருநாள், ஒதுக்கிய நாளிலே உள்ளே வந்த கறுப்பின இளையோரோடு வெள்ளையின இளையோரும் முன்னறிவிப்பின்றிக் கலந்து ஆடிவிட்டனர். நேரடி ஒளிபரப்பு, மறைக்க முடியவில்லை. நிலையத்தார் என்ன செய்தனர்? இரு நிறத்தாரையும் சேர்த்து நடத்த மனமின்றி, 1964 சனவரியிலே நிகழ்ச்சியையே மூடிவிட்டனர்.

இந்த வரலாற்றை வைத்து 1988இலே ஹேர்ஸ்பிரே என்ற திரைப்படம் வந்தது. அதிலே இளைஞர் வென்றனர். எல்லாரும் கூடி ஆடினர். உண்மையிலே ஆட்டக்களமே இல்லாமற் போயிற்று. திரையிலே கிடைத்த வெற்றியைக் கண்டு கைதட்டிவிட்டு வீடு திரும்புவோர், உண்மையிலே மூடப்பட்ட கதவையும் நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

வழித்த சோறும் பொன் பதக்கமும்

கதவை மூடுவது ஒரு வகை. அதைவிட நுட்பமான வகை ஒன்றுண்டு: ஆடியவனை வெளியே நிறுத்திவிட்டு, ஆட்டத்தை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்வது.

தென் கரோலினாவின் கறுப்பின மக்களிடையே வழங்கிய சார்ல்ஸ்டன் ஆட்டம், 1923இலே நியூயார்க் நாடக மேடையேறி, இங்கிலாந்துக்கும் வந்தது. முதலில், காட்டுமிராண்டிகளின் கூத்து என்று ஏசினர். பிறகு, அதை மெல்ல ஆடுக என்று மண்டபங்களிலே அறிவிப்புப் பலகை வைத்தனர். பிறகு, துள்ளலைக் குறைத்து, விரைந்த பாக்ஸ்டிராட்டோடு குழைத்து, குவிக்ஸ்டெப் என்று பெயரிட்டு, பாடத்திட்டத்திலே சேர்த்துக்கொண்டனர். 1920இலே இலண்டனில் கூடிய நடன ஆசிரியர்கள் விபரீத அடிகளை ஒழிக்க முடிவு செய்தனர். 1924இலே பேரரசு நடன ஆசிரியர் சங்கத்தில் பால்ரூம் பிரிவு தோன்றி, எந்தக் கால் எந்த அளவில் எப்போது பெயரவேண்டும் என்று வரையறுத்தது. வரையறை செய்ததைக் குறை கூறோம். எழுத்திலே வகுத்ததால்தான் நெசவாலைப் பெண்ணும் கடைச் சிப்பந்தியும் சில காசு கொடுத்து அதைக் கற்க முடிந்தது. பிரபுக்களின் மாளிகையிலிருந்து நடனம் மக்கள் மண்டபத்துக்கு வந்தது. 1919இலே இலண்டனில் திறந்த ஹாமர்ஸ்மித் மண்டபத்திலே உழைக்கும் இளைஞர் திரண்டனர். நன்று! ஆனால் விபரீதம் என்று கழித்தது எதை? பெரும்பாலும், கறுப்பரின் உடல் பேசிய மொழியை. பண்படுத்தினோம் என்றனர். பண்பாடில்லாதவரிடமிருந்து எடுத்தது உண்மையானால், எடுத்தது ஏன்?

இந்த இடத்திலே தமிழ் வாசகர்க்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. சதிர் ஆடிய மகளிரின் குலத்தை இழிவென்று ஒதுக்கிவிட்டு, அவர்தம் ஆட்டத்துக்குப் புதுப்பெயர் சூட்டி, தூய்மைப்படுத்தினோம் என்று மேடையேறியோரை நாமறிவோம். கடல் கடந்தாலும் கைவண்ணம் ஒன்றே!

நியூயார்க்கின் ஹார்லம் பகுதியிலே 1926இல் திறந்தது சவாய் நடன மண்டபம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்திலே சேர்ந்து ஆடிய மண்டபம். அந்நகரிலேயே, கறுப்பர் ஆட வெள்ளையர் மட்டும் அமர்ந்து பார்த்த காட்டன் கிளப் போன்ற விடுதிகளும் இருந்த காலம் அது. சவாயின் அருகே குடியிருந்த நார்மா மில்லர் என்ற ஏழைச் சிறுமி, உள்ளிருந்து வரும் இசைக்கு வெளியே நடைபாதையிலே ஆடுவாள். 1932இலே, பன்னிரண்டு வயதிலே, அங்கே ஆடிய ஒருவர் அவளை உள்ளே அழைத்துச் சென்றார். அதுவே அவளது பள்ளி. பிராங்கி மானிங் என்ற இளைஞன் அங்கே ஆடித் தேர்ந்து, 1935இலே, இணையை முதுகின்மேல் உருட்டிக் காற்றிலே தூக்கி ஆடும் முறையை லிண்டி ஹாப் நடனத்திலே புகுத்தினான். அந்த லிண்டி ஹாப்தான் அமெரிக்கப் படைவீரரோடு இங்கிலாந்து போய், அங்கும் முதலில் தடைப்பலகை பெற்று, பின்பு ஜைவ் என்று பெயர்பெற்று, இன்று உலகப் போட்டிகளிலே இலத்தீன் நடனம் ஐந்தினுள் ஒன்றாக விளங்குகிறது.

1943இலே சவாயைப் போலீசார் ஆறு திங்கள் மூடினர். ஒழுக்கக்கேடு என்று காரணம் கூறினர். இரு நிறத்தார் இணைந்து ஆடியதே உண்மையான காரணம் என்று ஹார்லம் மக்கள் கூறினர். 1958இலே அது நிலையாகவே மூடப்பட்டு இடிக்கப்பட்டது. பிராங்கி மானிங் என்ன ஆனார்? அஞ்சல் நிலையத்திலே முப்பது ஆண்டுகள் போல ஊழியம் பார்த்தார். அவர் வழிவந்த அடிகளுக்கு நாடெங்கும் ஆசிரியர்கள் பொன் பதக்கம் வழங்கிக்கொண்டிருந்த காலத்திலே, அவர் கடிதம் பிரித்துக்கொண்டிருந்தார்! 1980களிலே இளைஞர் சிலர் தேடிப் பிடித்துக் கற்றுக்கொடுக்கக் கேட்டனர். 1989இலே நாடக உலகின் டோனி விருது அவருக்குக் கிடைத்தது. 2009இலே மறைந்தார். உழுதவன் பசித்திருக்க, வழித்து உண்டவன் விருந்தோம்பல் பற்றிப் பேசுவதை இனியேனும் நாம் கேட்டுத் தலையாட்டலாகாது.

மண்டபத்துக்குள்ளும் மடமை

நடனத்தை ஆதரிக்கிறோம் என்பதற்காக அதன் அழுக்கையும் ஆதரிப்போமா? இல்லை. பழைய மண்டபத்திலே ஆண் கேட்பான், பெண் காத்திருப்பாள். கேட்பாரற்ற பெண் சுவரோரம் நாற்காலியிலே அமர்ந்து, சிரித்த முகத்தோடு உள்ளம் குமுறவேண்டும். மறுப்பதும் பண்பல்ல என்று அவளுக்குச் சொல்லிவைத்தனர். ஆண் வழிநடத்துவான், பெண் பின்பற்றுவாள் என்பதே பாடம். பெண்கள் தாமே இணையைத் தேர்ந்துகொள்ளும் முறை என்று இடையிடையே ஓர் ஆட்டத்தை மட்டும் ஒதுக்கினர். உரிமையைச் சலுகையாக்கும் பழைய தந்திரம்! ஹாமர்ஸ்மித்திலே ஆறு பென்ஸ் கொடுத்தால் ஓர் ஆட்டத்துக்கு இணை கிடைக்கும். கூலிக்கு ஆடிய அந்த இளைஞரும் இளம்பெண்களும் தடுப்புக்குள் அமர்ந்து அழைப்புக்குக் காத்திருந்தனர். கலையின் மண்டபத்திலும் முதலாளி தன் கடையை விரிக்கத் தவறவில்லை.

இவற்றை ஒழிக்க நடனத்தை ஒழிக்கவேண்டுவதில்லை. வழிநடத்துவதும் பின்பற்றுவதும் இரண்டு திறமைகள். அவை இரண்டு பால்கள் அல்ல. ஆணும் பெண்ணும் இரண்டையும் கற்கலாம். இன்று பல நாடுகளிலே லிண்டி ஹாப் வகுப்புகளில் அவ்வாறே கற்பிக்கின்றனர். 2020இலே பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் புகழ்பெற்ற பால்ரூம் போட்டியிலே, குத்துச்சண்டை வீராங்கனை நிக்கோலா ஆடம்ஸ், மற்றொரு பெண்ணோடு இணைந்து ஆடினார். வானம் இடிந்து விழவில்லை, தாளமும் தவறவில்லை.

முடிவாகக் கேட்கிறோம்

இதெல்லாம் மேனாட்டுக் கதை. நமக்கென்ன என்று கேட்போர் இருப்பர். வால்ட்ஸ் ஆடுங்கள் என்று எவரையும் நாம் வற்புறுத்தவில்லை. காலுக்குப் பிடித்த தாளத்தைக் கால் தேர்ந்துகொள்ளட்டும். நாம் சுட்ட விழைவது ஒன்றே: நாடு வேறு, நிறம் வேறு, நடனம் வேறு, ஆனால் தடுத்தவரின் மூளை ஒன்றே. ஆடக் கற்கும் இளைஞன் கூடவே மூன்றைக் கற்றுவிடுகிறான். அடுத்தவரைத் தொட்டால் தீட்டில்லை என்பது ஒன்று. அடுத்தவரின் விருப்பைக் கேட்டறிய வேண்டும் என்பது மற்றொன்று. ஒரு மண்டபத்திலே எல்லாருக்கும் இடமுண்டு, வழி விட்டுச் சென்றால் போதும் என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒருவன் உடம்பாலே கற்றுவிட்டால், உயர்வு தாழ்வு கூறி அவனை ஏய்ப்பது கடினம். லீட்ரிம் பாதிரிமாரும், ஹிம்லரும், ஸ்காலா மண்டபத்தாரும் மனத்தில் மறைத்த அச்சம் இதுவே.

ஆகவே, இளைஞர்காள்! ஆட்டம் ஆபாசம் என்று எவரேனும் கூறினால், எந்த அடி ஆபாசம், எந்தத் தாளம் ஆபாசம் என்று வரிசையாகக் கேளுங்கள். விடை வாராது. யாரோடு யார் ஆடுவது உமக்குப் பிடிக்கவில்லை என்று அடுத்துக் கேளுங்கள். முகம் சிவக்கும், விடையும் வரும். கற்றுத்தரும் ஆசிரியரிடம், இந்த ஆட்டத்தை ஆக்கியோர் யாவர், அவர்கள் பிள்ளைகளுக்கு இந்த வாசல் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். அழைப்பவர் எவராயினும், மறுக்கும் உரிமை உண்டா என்று கேளுங்கள். இவற்றுக்கு நேரிய விடை கிடைக்கும் மண்டபத்திலே அஞ்சாது நுழையுங்கள். கிடைக்காத மண்டபத்தின் வாயிலிலே, வுல்வர்ஹாம்டன் இசைவாணர் செய்ததுபோல், கருவியைக் கீழே வைத்துவிட்டு நில்லுங்கள். இசையில்லாமல் எந்த முதலாளியும் எத்தனை நாள் ஆட்டம் நடத்திவிடுவான், பார்ப்போம்!